ஸ்கேனர் ரேடியோ: வீட்டிலும் காரிலும் பொருத்துவது எப்படி?

புது ஸ்கேனரைப் பெட்டியிலிருந்து எடுத்து, கூடவே வந்த குட்டை ரப்பர் ஆன்டெனாவைத் திருகி, மேசைமேல் வைத்து, ஸ்கேன் பொத்தானை அழுத்துகிறீர்கள். திரையில் எண்கள் ஓடுகின்றன. ஓடிக்கொண்டே இருக்கின்றன. அரை மணி நேரம் கழித்து ஒரு கரகரப்பு, பாதி வாக்கியம், மறுபடியும் மௌனம். இரண்டே நாளில் கருவி அலமாரிக்குப் போய்விடுகிறது. இப்படிக் கைவிடப்பட்ட ஸ்கேனர்களைத் திறந்து பார்த்தால் உள்ளே பெரும்பாலும் ஒரு பழுதும் இருக்காது. ஆன்டெனா, கேபிள், மின் இணைப்பு, வீட்டுக்குள் சுற்றும் மின் இரைச்சல் இவற்றில்தான் கதை கெட்டிருக்கும். அதனால் ஸ்கேனரைப் பற்றிக் கொஞ்சமாகவும் அதைச் சுற்றியிருப்பவை பற்றி நிறையவும் சொல்லப்போகிறேன்.

தெரியாதவர்களுக்கு ஒரு வரி: ஸ்கேனர் பேசாது, கேட்க மட்டுமே செய்யும். நீங்கள் ஏற்றிவைத்த அலைவரிசைகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டிப் பார்த்துக்கொண்டே போகும். எங்கே யாராவது பேசுகிறார்களோ அங்கே நிற்கும். பேச்சு முடிந்ததும் நகரும்.

முதலில் சட்டம்

பணத்தை வெளியே எடுக்கும் முன் உங்கள் நாட்டுச் சட்டத்தைப் பாருங்கள். நாட்டுக்கு நாடு இது தலைகீழாக மாறும். அமெரிக்காவில் ஸ்கேனர் வைத்துக் கேட்பது பொதுவாகக் குற்றமில்லை. ஆனால் நியூயார்க், ஃபுளோரிடா போன்ற சில மாநிலங்களில் காவல்துறை அலைவரிசையைப் பிடிக்கும் கருவியைக் காரில் பொருத்துவதற்குத் தனிக் கட்டுப்பாடு உண்டு. பிரிட்டனில் கருவியை வாங்கலாம், வைத்திருக்கலாம். ஆனால் பொதுமக்களுக்கென்று அனுப்பப்படாத செய்தியை அனுமதியின்றிக் கேட்பது 2006 ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இந்தியாவில் 1933 ஆம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டம் உரிமமின்றிக் கருவியை வைத்திருப்பதையே குற்றமாக்கியது. 2023 இல் புதிய தொலைத்தொடர்புச் சட்டம் நிறைவேறியிருக்கிறது. ஆகவே வாங்கலாமா, வைத்திருக்கலாமா, கேட்கலாமா, காரில் கொண்டுபோகலாமா, கேட்டதை மற்றவரிடம் சொல்லலாமா என்று ஐந்தையும் தனித்தனிக் கேள்விகளாக எடுத்துக்கொண்டு விடை தேடுங்கள். ஒன்றுக்கு அனுமதி இருப்பதால் மற்றவற்றுக்கும் இருக்கும் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். காரில் மாநிலம் தாண்டி, எல்லை தாண்டிப் போகிறவர்கள் போகும் இடத்துச் சட்டத்தையும் பார்க்க வேண்டும்.

எதைக் கேட்கப் போகிறீர்கள்?

இந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் கருவி வாங்குவது, ஊர் பெயர் தெரியாமல் டிக்கெட் எடுப்பது மாதிரி. நான் புதியவர்களுக்குச் சொல்வது விமானப் பேச்சிலிருந்து தொடங்குங்கள் என்பதே. 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரை உலகெங்கும் ஒரே இடம், மறையாக்கம் (மற்றவருக்குப் புரியாதபடி பேச்சைப் பூட்டுவது) கிடையாது, பேச்சுமுறையும் ஒன்றே. இன்னும் ஏ.எம். முறையிலேயே பேசுகிறார்கள் என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். அதற்குக் காரணம் உண்டு. எஃப்.எம். முறையில் இருவர் ஒரே நேரத்தில் பேசினால் வலுவான குரல் மற்றதை முழுக்க விழுங்கிவிடும். இன்னொருவர் கூப்பிட்டதே தெரியாது. ஏ.எம். முறையில் இரண்டும் மோதிக் கீச்சென்று ஒலிக்கும். கட்டுப்பாட்டு அறைக்கு விஷயம் புரிந்துவிடும். உங்களுக்கு இதில் பாடம் என்னவென்றால், இந்தப் பகுதியில் ஸ்கேனர் ஏ.எம். முறையில் இருக்கிறதா என்று பாருங்கள். தவறுதலாக எஃப்.எம். முறையில் இருந்தால் குரல் நெளிந்து ஒன்றும் விளங்காது.

கடலோரத்தில் இருப்பவர்களுக்கு 156 முதல் 162 மெகாஹெர்ட்ஸ் வரை கப்பல் பேச்சு, அதில் 156.8 என்ற 16 ஆம் சேனல் அழைப்புக்கும் ஆபத்துக்கும் உரியது. பொழுதுபோக்காக உரிமம் பெற்றுப் பேசும் அமெச்சூர் ரேடியோக்காரர்கள் 144 மெகாஹெர்ட்ஸிலிருந்து மேலே பேசிக்கொண்டிருப்பார்கள். அவர்கள் ரிப்பீட்டர் (ஓர் அலைவரிசையில் வாங்கிய பேச்சை இன்னோர் அலைவரிசையில் திருப்பி அனுப்பும் நிலையம்) பயன்படுத்தினால் அதன் வெளியீட்டு அலைவரிசையை ஏற்றுங்கள். உள்ளீட்டை ஏற்றிவிட்டு ஒன்றும் கேட்கவில்லையே என்று உட்கார்ந்திருக்க வேண்டாம்.

காவல்துறை, தீயணைப்பு, ஆம்புலன்ஸ் பற்றித்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். பல நாடுகளில் இவை டெட்ரா, பி25 போன்ற டிஜிட்டல் முறைக்கு மாறிவிட்டன. டிஜிட்டல் என்றால் அதைப் பிரிக்கத் தெரிந்த ஸ்கேனர் வேண்டும், விலை ஏறும். மறையாக்கமும் செய்திருந்தால் எவ்வளவு விலை கொடுத்த ஸ்கேனரும் உதவாது. எதையும் திறக்கும் ஸ்கேனர் என்று யாராவது விற்றால் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

கருவி

கைக்கு அடக்கமான பேட்டரி ஸ்கேனர், மேசையிலோ டேஷ்போர்டிலோ வைக்கும் ஸ்கேனர், கணினியில் செருகி மென்பொருளால் கேட்கும் சிறு எஸ்.டி.ஆர். குச்சி என மூன்று வகை. முதல் கருவியாகக் கையடக்க ஸ்கேனரையே சொல்வேன். வீட்டிலும் காரிலும் வெளி ஆன்டெனாவில் மாட்டலாம். பேட்டரியில் ஓடுவதால் இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கவும் அதைவிட நல்ல கருவி கிடையாது. எஸ்.டி.ஆர். குச்சி மலிவு; தொலைக்காட்சி பார்ப்பதற்காகச் செய்த ஆர்.டி.எல்.2832யூ என்ற சிப்பை 2012 வாக்கில் ஆர்வலர்கள் ரேடியோவாக மாற்றிக்கொண்டார்கள். அலைவரிசைகளைக் கண்ணால் பார்க்க முடிவது அதன் பெரிய வசதி. ஆனால் ஓடுகிற காரில் மடிக்கணினியோடு மல்லுக்கட்டுவது உங்களுக்கும் நல்லதல்ல, சாலைக்கும் நல்லதல்ல.

வீட்டில்: உயரமும் அமைதியும்

இந்த அலைவரிசைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் போகின்றன. ஆன்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.1 ஆல் பெருக்கினால் அதன் ரேடியோ அடிவானம் கிலோமீட்டரில் வரும். 4 மீட்டர் உயரத்துக்கு 8 கிலோமீட்டர். 9 மீட்டருக்கு 12. 16 மீட்டருக்கு 16. எதிர்முனையின் அடிவானத்தையும் இதோடு கூட்டிக்கொள்ள வேண்டும். 10,000 மீட்டர் உயரத்தில் பறக்கும் விமானத்துக்கு அது 410 கிலோமீட்டர். விமானி பேசுவது தெளிவாகக் கேட்கிறது, அவருக்குப் பதில் சொல்லும் தரைக்குரல் மட்டும் கேட்கவில்லை என்று ஒவ்வொரு புதியவரும் குழம்புவார். விமானம் உயரத்தில் இருக்கிறது, கட்டுப்பாட்டு நிலையத்தின் ஆன்டெனா உங்கள் அடிவானத்துக்குக் கீழே இருக்கிறது. விஷயம் அவ்வளவுதான்.

ஆனால் ஆன்டெனாவை ஏற்றுவதற்கு முன்னால் வீட்டின் இரைச்சலை அளந்துவிடுங்கள். முறை எளிது. பேட்டரியில் ஓடும் ஸ்கேனரை யாரும் பேசாத ஒரு விமான அலைவரிசையில் நிறுத்தி, ஸ்குவெல்சை முழுக்கத் திறந்துவிடுங்கள். ஸ்குவெல்ச் என்பது சிக்னல் இல்லாதபோது இரைச்சலை அடைத்துவைக்கும் கதவு. திறந்தால் ஒரே சீரான இரைச்சல் கேட்க வேண்டும். அதில் உறுமலோ துடிப்போ கலந்திருந்தால் அது வானத்திலிருந்து வருவதல்ல. வீட்டு மெயின் சுவிட்சை அணைத்துப் பாருங்கள். இரைச்சல் செத்தால் குற்றவாளி வீட்டுக்குள் இருக்கிறான். ஒவ்வோர் அறையாக மின்சாரத்தைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே வந்தால் பிடிபட்டுவிடுவான்.

என் வீட்டில் இதைச் செய்தபோது எல்.இ.டி. விளக்குகளின்மேல்தான் சந்தேகப்பட்டேன். ஒன்றொன்றாகக் கழற்றினேன்; உறுமல் அசையவில்லை. கடைசியில் ஸ்கேனரைக் கையில் பிடித்துக்கொண்டு சுவரோரமாக நடந்தேன். புத்தக அலமாரிக்குப் பின்னால் போகப்போக உறுமல் ஏறியது. அங்கே ஒரு பிளக்கில் பழைய செல்போன் சார்ஜர். போனே எப்போதோ தூக்கிப்போடப்பட்டுவிட்டது. சார்ஜர் மட்டும் ஆண்டுக்கணக்கில் செருகியபடி கிடந்திருக்கிறது. பிடுங்கியதும் அறையே விரிந்த மாதிரி இருந்தது. அதுவரை கேட்காத இரண்டு அலைவரிசைகள் அன்று மாலையே கேட்டன, அதே ரப்பர் ஆன்டெனாவில்.

இனி ஆன்டெனா. பலவகை அலைவரிசைகளையும் கேட்க விரும்பினால் டிஸ்கோன் என்ற அகலவீச்சு ஆன்டெனா. ஒரு பகுதி மட்டும் போதுமென்றால் அதற்கென வெட்டிய கால்அலை ஆன்டெனா, அதாவது அலைநீளத்தில் கால் பங்கு நீளமுள்ள கம்பி. கால்அலை நீளத்தைக் கணக்கிட 75 ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்து, வந்ததில் 5 சதவீதம் கழியுங்கள்; விடை மீட்டரில் இருக்கும். 127 மெகாஹெர்ட்ஸுக்கு 56 சென்டிமீட்டர், 156.8 க்கு 45 சென்டிமீட்டர் சொச்சம். நிமிர்ந்து நிற்கும் ஒரு கம்பி, அதன் அடியில் சாய்வாக விரியும் அதே அளவு கம்பிகள் நான்கு. இதை ஒரு மதியத்தில் கையாலேயே செய்துவிடலாம். மொட்டை மாடி வசதி இல்லாதவர்கள் ஜன்னலோரம் செங்குத்தாகத் தொங்கவிடலாம். ஜன்னலில் உலோக வலையோ உலோகப் பூச்சுக் கண்ணாடியோ இல்லாமல் இருந்தால் போதும். செங்குத்து என்பது முக்கியம், படுக்கவைத்துவிடாதீர்கள்.

கேபிளில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். மெல்லிய ஆர்.ஜி.58 கேபிள் 15 மீட்டர் போட்டால் 150 மெகாஹெர்ட்ஸில் ஏறக்குறைய 3 டெசிபல் போகும். அதாவது ஆன்டெனா பிடித்ததில் பாதி வழியிலேயே தீர்ந்துவிடுகிறது. அலைவரிசை ஏற ஏற இழப்பும் ஏறும். தொலைக்காட்சிக்குப் போடும் ஆர்.ஜி.6 கேபிள் இதைவிட மேல். அது 75 ஓம், ஸ்கேனர் 50 ஓம், பொருந்தாதே என்று கேட்பார்கள். கேட்பதற்கு மட்டும் என்றால் அந்தப் பொருத்தமின்மையால் போவது கால் டெசிபலைக்கூட எட்டாது. தாராளமாகப் போடுங்கள்.

முனையில் பி.என்.சி. இணைப்பி மாட்டும்போது கண்ணாடியைப் போட்டுக்கொள்ளுங்கள். நடுக்கம்பியைச் சுற்றியிருக்கும் வெளிப்பின்னலைப் பிரித்து மடக்கும்போது தலைமுடி அளவு கம்பி ஒன்று நழுவி நடுக்கம்பியைத் தொட்டுவிடும். வெளியே பார்த்தால் இணைப்பி அழகாக இருக்கும், சிக்னல் மட்டும் வராது. மாட்டி முடித்ததும், மறுமுனையில் ஆன்டெனாவை இணைக்கும் முன், மல்டிமீட்டரை வைத்து நடு ஊசிக்கும் வெளி உறைக்கும் தொடர்பு இல்லை என்று உறுதிசெய்யுங்கள். பிறகு இந்த முனை ஊசியிலிருந்து அந்த முனை ஊசிவரை தொடர்பு இருக்கிறது என்றும் பாருங்கள். வெளியே இருக்கும் இணைப்பைத் தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் நாடாவால் சுற்றுங்கள். கேபிள் வீட்டுக்குள் நுழையுமிடத்தில் கீழ்நோக்கி ஒரு வளைவு விடுங்கள். மழைநீர் அந்த வளைவில் சொட்டிவிடும், சுவருக்குள் வராது.

இரண்டு எச்சரிக்கைகள், இவற்றில் சமரசம் வேண்டாம். ஆன்டெனா கம்பம் சாய்ந்தால் எந்தப் பக்கம் விழுந்தாலும் மின்கம்பியைத் தொட முடியாத தூரத்தில் நடுங்கள். கம்பத்தையும் கேபிளின் வெளிப்பின்னலையும் வீட்டின் பொது எர்த்தோடு இணைக்கும் வேலையை உரிமம் பெற்ற மின்பணியாளரிடம் விடுங்கள். எர்த் இருந்தாலும் இடி வரும்போலத் தெரிந்தால் முன்கூட்டியே கேபிளைக் கழற்றி ஸ்கேனரை விட்டு விலக்கிவையுங்கள். இடி இடிக்கத் தொடங்கிய பிறகு அதைத் தொடவே வேண்டாம்.

பெரிய ஆன்டெனா மாட்டிய பிறகு விமானப் பேச்சுக்கு அடியில் சினிமாப் பாட்டு கேட்கிறதா? அருகிலுள்ள எஃப்.எம். நிலையம் ஸ்கேனரில் சிக்னலை வாங்கும் முன்பகுதியைத் திணறடிக்கிறது. 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை அடைக்கும் சிறு வடிகட்டி ஒன்றைக் கேபிளுக்கும் ஸ்கேனருக்கும் நடுவில் செருகினால் தீர்ந்தது. இந்த நிலையில் சிக்னல் பெருக்கி வாங்கி மாட்டினால் தொல்லைதான் பெருகும்.

எண்களை ஏற்றுதல்

கிடைத்த பட்டியலையெல்லாம் அப்படியே ஏற்றாதீர்கள். நொடிக்கு 50 சேனல் தாண்டும் கருவியில் 300 எண்களை ஏற்றினால் ஒரு சுற்றுக்கு 6 நொடி. விமானி ஒருவர் பேசுவதே மூன்று நான்கு நொடிதான். ஸ்கேனர் அங்கே வந்து சேர்வதற்குள் பேச்சு முடிந்திருக்கும். விமானம், கப்பல், அமெச்சூர் என்று தனித்தனித் தொகுப்புகளாக ஏற்றி, அந்தந்த நேரத்தில் ஒன்றை மட்டும் ஓடவிடுங்கள். பேச்சு முடிந்ததும் இரண்டு நொடி காத்திருக்கும்படி தாமதம் வையுங்கள். இல்லாவிட்டால் கேள்வி கேட்கும், பதில் கேட்காது. ஸ்குவெல்ச் இரைச்சல் அடங்கும் புள்ளியிலிருந்து ஒரு மயிரிழை மேலே இருந்தால் போதும்.

ஆளில்லாத அலைவரிசை ஒன்றில் ஸ்கேனர் திரும்பத் திரும்ப நின்றால் ஆன்டெனாவைக் கழற்றிப் பாருங்கள். அப்போதும் நின்றால் அது கருவி தனக்குத்தானே எழுப்பும் சத்தம். அந்த எண்ணை லாக்அவுட் செய்துவிடுங்கள், ஸ்கேனர் அதைத் தாண்டிப் போய்விடும்.

பெரிய விமான நிலையங்கள் ஏடிஸ் என்ற தகவல் ஒலிபரப்பை ஓயாமல் ஓடவிடும்: காற்று, மேகம், ஓடுபாதை எண். உங்களுக்கு எட்டும் தூரத்தில் அப்படி ஒன்று இருந்தால் அதுவே உங்கள் அளவுகோல். ஆன்டெனாவை ஒரு மீட்டர் நகர்த்தினால் தேவலையா, கேபிளை மாற்றியது பயன்பட்டதா என்பதையெல்லாம் ஊகிக்க வேண்டாம், அதை வைத்துக் கேட்டே முடிவுசெய்யலாம்.

காரில்: கூரையும் ஒரு நல்ல எர்த்தும்

வீட்டில் இல்லாத ஒரு வசதி காருக்கு உண்டு. இரும்புக் கூரை. கால்அலைக் கம்பிக்கு அடியில் விரிக்க வேண்டிய நான்கு கம்பிகளின் வேலையை அந்தத் தகடே செய்துவிடும். ஆகவே காந்த அடிப்பாகம் கொண்ட ஆன்டெனாவைக் கூரையின் நடுவில் வையுங்கள். ஓரத்தில் வைத்தால் ஒரு திசையில் நன்றாகவும் மற்றதில் மந்தமாகவும் கேட்கும். காந்தத்தையும் கூரையையும் துடைத்துவிட்டு வையுங்கள். நடுவில் அகப்பட்ட ஒரு மணல்துகள் பெயின்ட்டைச் சுரண்டப் போதும். அலுமினியக் கூரையிலும் கண்ணாடிக் கூரையிலும் காந்தம் ஒட்டாது, அங்கே பானட் விளிம்பிலோ பின்கதவு விளிம்பிலோ பிடிக்கும் கிளாம்ப் வேண்டும். கேபிளைக் கதவின் ரப்பர் பட்டை வழியாக உள்ளே கொண்டுவரலாம்; கதவு மூடும்போது உலோக விளிம்பில் நசுங்குகிறதா என்று மூடித் திறந்து பாருங்கள்.

ஸ்கேனரைப் பொருத்தும் இடத்தில் ஒரே விதி: ஏர்பேக் விரியும் பாதையில் எதுவும் இருக்கக் கூடாது. கேபிளும் அப்படித்தான். தூண்களின் மேலுறைக்குள் பல கார்களில் ஏர்பேக் மடிந்து கிடக்கிறது. உறையைப் பெயர்த்துக் கேபிளைத் திணிக்கும் முன் வாகனக் கையேட்டைத் திறந்து பாருங்கள்.

மின்சாரத்துக்கு இரண்டு வழி. சிகரெட் லைட்டர் துளையில் செருகுவது சுலபம், முதல் மாதத்துக்குப் போதும். நிரந்தரமாகப் பொருத்துவதென்றால் பேட்டரியிலிருந்து நேரடியாக ஒரு கம்பி; அதில் பேட்டரி முனைக்கு மிக அருகிலேயே ஃப்யூஸ். ஃப்யூஸ் இருப்பது கம்பியைக் காப்பாற்ற. ஸ்கேனர் பக்கம் கொண்டுபோய் வைத்தால் நடுவில் கம்பி உரசித் தீப்பிடிப்பதை அது தடுக்காது. ஃப்யூஸ் எத்தனை ஆம்பியர் என்பதை ஸ்கேனரின் கையேட்டிலிருந்து எடுங்கள். நேரடி இணைப்பில் சாவியை எடுத்த பிறகும் ஸ்கேனர் ஓடும். மறந்துவிட்டால் காலையில் கார் கிளம்பாது, ஒரு சுவிட்சாவது நடுவில் வையுங்கள். லாரி, பஸ் ஓட்டுபவர்கள் கவனிக்க: அவற்றில் பல 24 வோல்ட். 12 வோல்ட் ஸ்கேனரை அப்படியே இணைத்தால் ஒரு நொடியில் போய்விடும்.

எல்லாம் முடித்து எஞ்சினைக் கிளப்பினால் ஒரு ஊளை கேட்கலாம். ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க அதன் சுருதி ஏறும். ஆல்டர்னேட்டரின் ஊளை இது. ஆன்டெனாவைக் கழற்றிப் பாருங்கள். ஊளை நின்றால் அது ஆன்டெனா வழியாக வருகிறது; ஆன்டெனாவை எஞ்சினிலிருந்து தள்ளிவைக்க வேண்டும். நிற்கவில்லையென்றால் மின்கம்பி வழியாக வருகிறது. என் காரில் ஸ்கேனரைப் பொருத்திக் கொடுத்தவர் எர்த் கம்பியை டேஷ்போர்டுக்கு அடியில் கண்ணுக்குப் பட்ட ஒரு திருகாணியில் முறுக்கிவிட்டுப் போயிருந்தார். மூன்று வாரம் அந்த ஊளையோடு ஓட்டினேன். வடிகட்டி வாங்கினேன், கம்பியில் இரைச்சலை அடக்கும் ஃபெரைட் வளையம் மாட்டினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை டார்ச் அடித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, திருகாணி பிடித்திருந்தது பெயின்ட் அடித்த ஒரு பட்டையை, அந்தப் பட்டை நின்றது பிளாஸ்டிக்கின்மேல். கம்பியைக் கழற்றிக் காரின் உடல் தகட்டில் ஒரு போல்ட்டைத் தேர்ந்தெடுத்து, உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்துப் பொருத்தினேன். ஊளை போனது. வடிகட்டி இன்னும் பிரிக்காத பொட்டலமாகவே இருக்கிறது.

தன் பேட்டரியிலேயே ஓடும் கையடக்க ஸ்கேனரிலும் இரைச்சல் பிரச்சினையாக இருந்தால் செல்போன் சார்ஜரையும் டேஷ்கேமையும் பிடுங்கிப் பாருங்கள். மின்னாற்றலில் ஓடும் கார்களிலும் ஹைப்ரிட் கார்களிலும் இன்வெர்ட்டர் இரைச்சல் தனி ரகம். அங்கே கூரை ஆன்டெனாவும் நல்ல கேபிளும் தவிர வேறு குறுக்கு வழி எனக்குத் தெரிந்து கிடையாது. அதே காரில் அமெச்சூர் டிரான்ஸ்மிட்டரும் இருந்தால் இரண்டு ஆன்டெனாக்களையும் கூரை அனுமதிக்கும் அளவுக்கு விலக்கிவையுங்கள். பக்கத்தில் வைத்துப் பேசினால் ஸ்கேனரின் முன்பகுதி கருகலாம்.

ஓட்டும்போது ஒலி மட்டும் போதும், திரை வேண்டாம். கிளம்பும் முன்னே தொகுப்பைத் தேர்ந்தெடுத்து, ஒலியளவை வைத்துவிடுங்கள். உள்ளே இருக்கும் சின்ன ஸ்பீக்கர் டயர் சத்தத்தில் காணாமல்போகும். தலைக்குப் பக்கத்தில் ஒரு தனி ஸ்பீக்கர் மாட்டினால் பாதி ஒலியளவிலேயே கேட்கும். இயர்ஃபோன் மாட்டிக்கொண்டு ஓட்டாதீர்கள்.

முதல் சோதனை ஓட்டத்துக்கு மேடான, மரமும் மின்கம்பியும் குறைந்த ஓர் இடத்துக்குப் போய் எஞ்சினை அணைத்துவிட்டு உட்காருங்கள். விமானத் தொகுப்பை ஓடவிட்டு, நின்ற ஒவ்வோர் அலைவரிசையையும் நேரத்தோடு நோட்டில் குறியுங்கள். ஒரு மணி நேரத்தில் வீட்டுப் பட்டியலில் இல்லாத எண்கள் நாலைந்தாவது சேரும். 145.8 மெகாஹெர்ட்ஸையும் எஃப்.எம். முறையில் ஏற்றிவையுங்கள், சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து வீரர்கள் பள்ளிக்கூடங்களோடு பேசுவது பெரும்பாலும் அங்கேதான். நிலையம் தலைக்குமேல் கடக்கப் பத்து நிமிடம்தான் ஆகும், கடக்கும் நேரத்தை முன்பே பார்த்துவைத்துக்கொண்டு கூரை ஆன்டெனாவோடு காத்திருங்கள். குரல் மெல்ல எழும்பி, தெளிந்து, பாதி வாக்கியத்தில் அடிவானத்துக்குக் கீழே போய்விடும். பிறகு ஸ்கேனர் மறுபடி ஓடத் தொடங்கும்.